உங்களுக்குத் தெரியுமா? கால் மாறி ஆடிய ஊரில் காலைக் காக்கும் மாத்திரைகள்!

மீனாட்சியம்மன் கோயில் வெள்ளியம்பலத்தில் நடராசரின் காலை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? தில்லையில் தூக்கிய திருவடி இடது. மதுரையில் தூக்கியது வலது!

காரணம் தெரியுமா? ராஜசேகர பாண்டியன் நாட்டியம் பழகினான். உடம்பெல்லாம் வலி எடுத்தது. "நாம் கொஞ்ச நேரம் ஆடியதற்கே இப்படி என்றால், காலம் காலமாக ஒற்றைக் காலில் நிற்கிற சாமிக்கு எப்படி வலிக்கும்!" என்று உருகிப்போய், கால் மாற்றி ஆடச் சொல்லி வேண்டினானாம். திருவிளையாடல் புராணத்தில் கால் மாறி ஆடிய படலம் என்று இதற்குத் தனிப் படலமே உண்டு. கடவுளின் கால்வலிக்கே கவலைப்பட்ட ஊர் நம்ம ஊர்!

சரி, நம் காலுக்குள் ஓடும் ரத்தக்குழாய் பற்றி நமக்கு என்ன தெரியும்? அது சுருங்கிப்போனால் வருஷக்கணக்கில் விழுங்கும் அந்தக் குட்டிக் குட்டி மாத்திரைகள் எங்கிருந்து வந்தன? தோண்டத் தோண்டப் புதையல்! வாருங்கள்!

நாடி கையில் மட்டும்தானா? காலிலும் பார்க்கலாம்! பாதத்தின் மேல்பக்கம் ஒன்று, உள்கணுக்காலுக்குப் பின்னால் ஒன்று. இப்போதே விரலை வைத்துப் பாருங்கள். மேல்பக்க நாடி சிலருக்குப் பிறவியிலேயே தட்டுப்படாது. அதனால் உடனே பதறவும் வேண்டாம்!

விளக்குத்தூணில் ஜவுளி எடுக்க இறங்குகிறீர்கள். கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் கவ்விப் பிடிக்கிறது. நிற்கிறீர்கள். சில நிமிடத்தில் வலி போயே போச்சு! மறுபடி நடந்தால், ஏறக்குறைய அதே தூரத்தில் மறுபடி அதே பிடி! குழாய் சுருங்கிய காலின் கையெழுத்து இதுதான்!

இதற்கு ஜெர்மன்காரர்கள் வைத்த பெயரைக் கேளுங்கள். "கடைச் சன்னல் நோய்"! வலியால் நின்றவர்கள், அடுத்தவர் பார்க்கிறாரே என்று கடைச் சன்னலில் சரக்கைப் பார்ப்பதுபோல நிற்பார்களாம். புதுமண்டபத்துப் பக்கம் அடிக்கொரு தரம் நின்று வேடிக்கை பார்க்கும் தாத்தாவை இனி ஒரு தடவை கேட்டுவிடுங்கள்: "கால் வலிக்குதாய்யா?"

இந்த வலி முதன்முதலில் பதிவானது யாருக்கு? மனுஷனுக்கு இல்லை. குதிரைக்கு! 1831-ல் பிரெஞ்சு கால்நடை மருத்துவர் பூலே எழுதினார். மனிதர்களுக்கும் இதே கதைதான் என்று ஷார்கோ எழுதியது 1858-ல். குதிரை நம்மை முந்திவிட்டது!

வலி இருக்கும் இடத்துக்கு ஒரு படி மேலேதான் அடைப்பு! கெண்டைக்கால் வலித்தால் பெரும்பாலும் தொடைக் குழாயில் கோளாறு. பிட்டம் வலித்தால் அடிவயிற்றுக் குழாயில்!

கட்டிலில் படுத்தால் பாதம் எரிகிறது, எழுந்து உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டால் சுகமாக இருக்கிறது. இதை நல்ல சேதி என்று நினைத்துவிடாதீர்கள். மேலிருந்து கீழே இறங்கும் ரத்தத்துக்கு பூமியின் இழுவிசை கைகொடுக்கிறது, அவ்வளவுதான். அடைப்பு முற்றிவிட்டது என்று கால் கூச்சல் போடுகிறது. விடிந்ததும் ஓட வேண்டும் ஆஸ்பத்திரிக்கு!

கையில் பிரஷர் பார்த்திருப்பீர்கள். கணுக்காலில்? கணுக்கால் பிரஷரைக் கைப் பிரஷரால் வகுத்தால் வருகிற ஒற்றை எண் உங்கள் காலின் ஜாதகத்தையே சொல்லிவிடும்! 1 முதல் 1.4 வரை இருந்தால் நிம்மதி. 0.9 அல்லது அதற்குக் கீழே என்றால் சுருக்கம். 0.4-க்குக் கீழே என்றால் அபாயம்!

1.4-க்கு மேலே போனால் ரொம்ப நல்லது என்றா நினைத்தீர்கள்? அதுவும் கெட்ட சேதி! வெகுநாள் சுகரில் குழாய்ச் சுவர் கல்லாக இறுகி, பிரஷர் பட்டைக்கு அமுங்கவே மாட்டேன் என்கிறது!

2010-ல் உலகம் முழுக்க இந்த நோய் இருந்தவர்கள் 20 கோடியே 20 லட்சம் பேர்! அதில் ஏராளமானவர்களுக்கு வலியே கிடையாது!

சென்னையில் டாக்டர் மோகன் குழுவினர் எடுத்த கணக்கு 2000-ல் வெளியானது. பெரியவர்களில் 3.2 சதவீதம் பேருக்குக் கால் குழாயில் சுருக்கம். சர்க்கரை உள்ளவர்களில்? 6.3 சதவீதம். அப்படியே இரட்டிப்பு!

2023-ல் வந்த தேசிய ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்!

இப்போது பெரிய ஆச்சரியம். கால் குழாய்க்குக் கொடுக்கும் மாத்திரைகளில் பாதிக்கு மேல் காலுக்காகவே இல்லை! இதயத்துக்கும் மூளைக்கும்தான்! கால் குழாய் சுருங்கியவரின் உயிரைப் பெரும்பாலும் பறிப்பது கால் அல்ல, மாரடைப்பும் பக்கவாதமும். கெண்டைக்கால் பிடிப்பது மார்புக்கு வந்த முன்தபால்!

அரிசிக் கடைப் பூசணம் கோடிக்கணக்கான ரத்தக்குழாய்களைக் காப்பாற்றுகிறது தெரியுமா? எனக்கு ரொம்பப் பிடித்த கதை இது. ஜப்பானில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அகிரா எண்டோ. கொழுப்பைத் தயாரிக்கும் நொதியை எந்தப் பூசணமாவது தடுக்குமா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். ஒன்றா, இரண்டா? சுமார் 6,000 வகை! 1973-ல் சிக்கியது. எங்கே கிடைத்த பூசணம் தெரியுமா? கியோட்டோ நகரத்து அரிசிக் கடை ஒன்றில் எடுத்த அரிசியில்! நீலப்பச்சை நிறத்தில் பூத்திருந்த அந்தப் பூசணத்திலிருந்துதான் ஸ்டாட்டின் குடும்பமே பிறந்தது. மேலூரிலும் சோழவந்தானிலும் மழையில் நனைந்த மூட்டை பூசணம் பூத்தால் முகம் சுளித்துக் கொட்டுகிறோம். அவர் அதற்குள் ஒரு மருந்துக் கடையையே பார்த்தார்! 2024 ஜூனில் மறைந்தார், வயது 90.

முதல் ஸ்டாட்டின் மருந்துக் கடைக்கு வந்தது 1987-ல். பூசணத்திலிருந்து மாத்திரைக்கு 14 வருஷம்!

பிரிட்டனில் ஒரே ஆய்வில் 20,536 பேரிடம் ஸ்டாட்டினைச் சோதித்துப் பார்த்தார்கள். அதில் 6,748 பேர் கால் குழாய் சுருங்கியவர்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய தாக்குதல்கள் அவர்களுக்கு 22 சதவீதம் குறைந்தன!

கொழுப்பு மாத்திரை நடையையும் கூட்டுமா? 354 பேரிடம் 12 மாதம் சோதித்து 2003-ல் சொன்னார்கள். தினம் 80 மில்லிகிராம் அடார்வாஸ்டாட்டின் சாப்பிட்டவர்கள் வலியில்லாமல் நடந்த நேரம் 63 சதவீதம் கூடியது! அதைவிட அதிசயம், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் 38 சதவீதம் கூடியிருந்தது!

ஆஸ்பிரின் உங்கள் உடம்பில் சில மணி நேரம்கூடத் தங்காது. ஆனால் அது செய்துவிட்டுப் போகும் வேலை 7 முதல் 10 நாள் நிற்கும்! ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களுக்கு உட்கருவே இல்லை. ஆஸ்பிரின் ஒரு தரம் பூட்டிவிட்டால் புதுச் சாவி செய்ய அவற்றால் முடியாது. அந்தத் தட்டணு சாகும்வரை பூட்டு பூட்டுத்தான்!

தலைவலிக்கு 325. காலுக்கும் இதயத்துக்கும்? 75 மில்லிகிராமே போதும்! நாலில் ஒரு பங்குக்கும் கீழே!

ஆனால் எல்லாருக்கும் ஆஸ்பிரினா? சர்க்கரை இருந்து, கணுக்கால்-கை பிரஷர் விகிதம் குறைந்து, வலி மட்டும் இல்லாத 1,276 பேரிடம் ஸ்காட்லாந்தில் சோதித்தார்கள். 2008-ல் முடிவு வந்தது. பலன் ஒன்றும் தெரியவில்லை! பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுகிறார் என்று நீங்களும் வாங்கி விழுங்கக்கூடாது என்பதற்கு இந்த ஓர் ஆய்வே போதும்!

குளோபிடோகிரல் தெரியும்தானே? டாக்டர் சீட்டில் ஆஸ்பிரினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்குமே, அதேதான். 16 நாடுகள், 19,185 பேர், ஆஸ்பிரினோடு நேருக்கு நேர் மோதல். 1996-ல் தீர்ப்பு. மொத்தத்தில் 8.7 சதவீதம்தான் முன்னிலை. கால் குழாய்க்காரர்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால்? 23.8 சதவீதம்!

அந்த மாத்திரை வாயில் போடும்போது மருந்தே இல்லை! கல்லீரல்தான் அதை மருந்தாகச் சமைக்கிறது. விழுங்கியதில் 100-க்கு 85 பங்கு வீணாகிப் போகிறது. மிச்சம் 15 பங்குதான் அத்தனை வேலையும் செய்கிறது!

சமைக்கும் அந்தக் கல்லீரல் நொதி சிலருக்கு மந்தம். ஜிப்மர் ஆய்வாளர்கள் தமிழர்களின் மரபணுவில் தேடியபோது, இந்த மந்த வகை ஐரோப்பியர்களிடம் இருப்பதைவிட நம்மிடம் அதிகமாக அகப்பட்டது!

அல்சருக்குப் போடும் ஓமிப்ரசோல் இருக்கிறதே, அதுவும் அந்த நொதியின் காலை வாரும்! அதனால்தான் டாக்டர் "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று துருவித் துருவிக் கேட்கிறார். மறைக்காமல் எல்லா அட்டையையும் பையில் போட்டுக் கொண்டுபோங்கள்!

இப்போது வருகிறது நடைக்காகவே பிறந்த மாத்திரை. சிலோஸ்டசால்! ஜப்பானில் 1988-ல் வந்தது. அமெரிக்கா அனுமதித்தது 1999-ல். உருவாக்கிய ஒட்சுகா கம்பெனியின் இன்னொரு புகழ்பெற்ற சரக்கு என்ன தெரியுமா? "பொக்காரி ஸ்வெட்" என்ற குளிர்பானம்!

காலையும் மாலையும் 100 மில்லிகிராம். இன்றைக்குப் போட்டால் நாளைக்கே ஓடலாமா? நடக்காது. 2 முதல் 4 வாரம் ஆகலாம், 12 வாரம்கூட ஆகலாம்! ரெண்டு நாளில் பலன் இல்லை என்று அட்டையைத் தூக்கிப் போட்டவர்கள் எத்தனை பேரோ! நினைத்தாலே மனசு அடித்துக்கொள்கிறது.

கறிதோசையும் பரோட்டா சால்னாவும் சாப்பிட்ட கையோடு சிலோஸ்டசால் விழுங்கினால் என்ன ஆகும்? கொழுப்பு நிறைந்த சாப்பாட்டோடு போனால் ரத்தத்தில் அதன் உச்ச அளவு சுமார் 90 சதவீதம் எகிறும்! அதனால்தான் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், அல்லது 2 மணி நேரம் கழித்து. நள்ளிரவிலும் கல் காயும் தூங்காநகரத்துக்காரர்கள் இந்தக் கணக்கைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டும்!

இதயம் பலவீனமாகி மூச்சு வாங்குகிறவர்களுக்கு சிலோஸ்டசால் கூடவே கூடாது. காலுக்குத் தோழன், தளர்ந்த இதயத்துக்குப் பகைவன்!

பம்பளிமாஸுக்கும் இதற்கும் ஒரு வம்பு உண்டு! பம்பளிமாஸும் ஆரஞ்சும் கலந்து பிறந்த பிள்ளைதான் கிரேப்ஃப்ரூட். அந்தப் பழச்சாறு சிலோஸ்டசாலையும் சில ஸ்டாட்டின்களையும் ரத்தத்தில் ஏற்றிவிடும். பழம் நல்லதுதான், மாத்திரையோடு சேர்ந்தால்தான் தகராறு!

தூங்காநகரத்து டீக்கும் கால் மாத்திரைக்கும் சொந்தம் உண்டு தெரியுமா? பெண்டாக்ஸிஃபிலின் என்ற பழைய மருந்து டீயில் இருக்கும் கஃபீனுக்கு ஒன்றுவிட்ட தம்பி! சிவப்பணுவின் அகலம் 7, 8 மைக்ரான். நுண்குழாய் அதைவிட ஒடுக்கம். சிவப்பணு வளைந்து நுழைய உதவும் என்று 1984-ல் அமெரிக்காவில் அமர்க்களமாக வந்தது. இப்போதோ கால் நடைக்கு இதனால் பெரிய பலன் இல்லை என்று மருத்துவ வழிகாட்டிகளே ஓரங்கட்டிவிட்டன!

பாம்பு விஷத்திலிருந்து வந்த மருந்தும் கால் நோய்க்கு டாக்டர் எழுதும் சீட்டில் இருக்கிறது! பிரேசிலின் ஜராராக்கா விரியன் கடித்தால் பிரஷர் சட்டென்று விழும். அந்த விஷத்தை ஆராய்ந்தார் செர்ஜியோ ஃபெரெய்ரா. அந்த வழியில் பிறந்தது கேப்டோபிரில், 1981-ல். அதன் தம்பி ராமிப்ரில் 9,297 பேரிடம் சோதிக்கப்பட்டு 2000-ல் ஜெயித்தது. மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு எல்லாம் குறைந்தன!

அதே ராமிப்ரில் நடையையும் கூட்டும் என்று 2013-ல் ஓர் ஆய்வு வந்தது. உலகமே கைதட்டியது. 2015-ல் வாபஸ்! தரவுகள் புனையப்பட்டவை! நோயாளியின் காலில் விளையாடிய பொய் இரண்டே வருஷத்தில் பிடிபட்டது!

நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் இந்த வைத்தியத்தின் வரைபடத்தையே மாற்றிவிட்டார். செங்கோட்டையிலிருந்து கொல்லம் போகும் ரயில் பாதையில் புனலூர் தாண்டினால் கொட்டாரக்கரை. அங்கே பிறந்து, பெங்களூரில் டாக்டருக்குப் படித்து, கனடாவில் ஆராய்ச்சி செய்பவர் சலீம் யூசுஃப். அவர் தலைமையில் 33 நாடுகளில், 27,395 பேரிடம் ஒரு சோதனை. ஆஸ்பிரினோடு ரிவராக்ஸபன் என்ற மாத்திரையைத் துளியூண்டு சேர்த்தால் என்ன ஆகும்? இதயத் துடிப்பு தாறுமாறானவர்களுக்கு அந்த மருந்து ஒரு நாளைக்கு 20 மில்லிகிராம். இங்கே ஒரு வேளைக்கு வெறும் 2.5. நாளைக்கு இரண்டு வேளை சேர்த்தாலும் நாலில் ஒரு பங்குதான்! பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் 2017-ல் சோதனையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்!

அதில் கால், கழுத்துக் குழாய் நோயாளிகள் 7,470 பேர். அவர்கள் கணக்கைத் தனியாக எழுதியவர் சோனியா ஆனந்த். முன்பாதத்துக்கு மேலே காலை எடுக்க வேண்டிய பெரிய வெட்டு, இந்தக் கூட்டு மருந்தால் 70 சதவீதம் குறைந்தது! நான் மூன்று தடவை திரும்பத் திரும்பப் படித்த எண் இது!

இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. மொத்தச் சோதனையில் பெரிய ரத்தக்கசிவு 1.9 சதவீதத்திலிருந்து 3.1 ஆனது. ஆகவே டாக்டரைக் கேட்காமல் தொடவும் வேண்டாம், விடவும் வேண்டாம்!

எலி மருந்தாகப் பேர்போன வார்ஃபரினையும் ஆஸ்பிரினோடு சேர்த்துப் பார்த்தார்கள். 2,161 பேர். 2007-ல் முடிவு. காலுக்குக் கூடுதல் பலன் இல்லை, உயிரைப் பிடுங்கும் ரத்தக்கசிவு மட்டும் மூன்று மடங்குக்கு மேல்!

சர்க்கரைக்கும் எடைக்கும் போடும் செமாக்ளூடைட் ஊசி நடையையும் நீட்டுகிறது! 20 நாடுகள், சர்க்கரையும் கால் சுருக்கமும் சேர்ந்திருந்த 792 பேர், ஒரு வருஷம். 2025-ல் வெளியான முடிவில், வெற்று ஊசி போட்டவர்களைவிட நடைதூரம் 13 சதவீதம் கூடுதல்!

மாத்திரையை மிஞ்சும் மருந்து ஒன்று இருக்கிறது. கடையில் கிடைக்காது. நடை! வலி வரும்வரை நட, நில், வலி போனதும் மறுபடி நட. 30 முதல் 45 நிமிடம், வாரம் மூன்று நாள், குறைந்தது 12 வாரம். வண்டியூர் தெப்பக்குளத்துக் கரையைவிட இதற்குத் தோதான இடம் உண்டா? வலிக்க வலிக்க நடப்பதுதான் வைத்தியம் என்ற ஒரே நோய் இதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது!

ஆனால் செருப்பு இல்லாமல் வேண்டாம்! சித்திரை வெயிலில் காய்ந்த கருங்கல் தரையில் மரத்துப்போன சுகர் கால் வெந்துபோவது அந்தக் காலுக்கே தெரியாது. உணர்ச்சியற்ற பாதத்துக்காக மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பைப் பரப்பியவர் வேலூர் சி.எம்.சி.யின் பால் பிராண்ட். வெள்ளைக்கார டாக்டர்தான், பிறந்த ஊர் எது தெரியுமா? நம்ம கொல்லிமலை! வருஷம் 1914!

பீடிக்காகவே ஒரு கால் நோய் இருக்கிறது! பியூர்கர் நோய். சுகர் வேண்டாம், கொழுப்பு வேண்டாம், முதுமையும் வேண்டாம். புகையிலை ஒன்றே போதும்! 45 வயதுக்குள்ளேயே விரல் கறுத்துவிடும். 1908-ல் நியூயார்க்கில் லியோ பியூர்கர் வெட்டி எடுக்கப்பட்ட 11 கால் கைகளை ஆராய்ந்து எழுதினார்.

இதற்கு எந்த மாத்திரை முதல் மருந்து? எதுவுமே இல்லை! பீடியை அடியோடு விடுவதுதான் முதல் மருந்து. நாளைக்கு ஒன்றே ஒன்று என்று வைத்துக்கொண்டாலும் நோய் நகராது. விட்டவர்களில் பெரும்பாலானோருக்குக் கால் தப்பிவிடுகிறது! பீடி குடிக்கிற அண்ணன் தம்பிகளே, இந்த ஒரு பத்தியை மட்டும் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

இதயத்துக்குத்தான் ஆஞ்சியோபிளாஸ்டி என்று நினைத்தீர்களா? உலகின் முதல் ஆஞ்சியோபிளாஸ்டி காலில்தான் நடந்தது! 1964 ஜனவரி 16, அமெரிக்காவின் போர்ட்லண்ட். 82 வயதுப் பாட்டி. பாதம் கறுத்து, காலை எடுக்க வேண்டும் என்றார்கள். முடியாது என்று பாட்டி அடம்பிடித்தார். சார்லஸ் டாட்டர் தொடைக் குழாய்க்குள் ஒரு குழலை விட்டு வழி திறந்தார். பாட்டி அதற்குப் பிறகு இரண்டரை வருஷம் சொந்தக் காலில் நடந்தார்!

மாத்திரை வீட்டு வாசலுக்கே வரும் மாநிலம் நம்முடையது! 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது மக்களைத் தேடி மருத்துவம். சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் கதவைத் தட்டிக் கொடுக்கப்படுகின்றன. கால் குழாயைச் சுருக்கும் பெரிய வில்லன்களில் இரண்டு சுகரும் பிரஷரும்தானே!

ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே நெஞ்சுவலிக்கு முதல் மருந்து கொடுக்கும் "இதயம் காப்போம்" திட்டம் 2023-ல் வந்தது. கொடுக்கும் மூன்று வகை மாத்திரைகள் எவை? ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அடார்வாஸ்டாட்டின். அட, நம் கால் சீட்டில் இருக்கும் அதே மூவர்!

கடைசியாக ஒரு ராஜா கதை. தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட பழைய ரூபாய் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஆறாம் ஜார்ஜ்! இந்தியாவின் கடைசிப் பேரரசர். ஓயாமல் சிகரெட் பிடிப்பார். 1948-ல் அவர் வலது காலுக்கே ஆபத்து வந்தது. ஆஸ்திரேலியப் பயணம் ரத்து! 1949 மார்ச்சில் பக்கிங்ஹாம் அரண்மனைக்குள்ளேயே அறுவை அரங்கம் அமைத்து, ஜேம்ஸ் லேர்மன்த் என்ற அறுவை மருத்துவர் காலுக்குப் போகும் நரம்பை வெட்டினார். அதுதான் அன்றைக்கு இருந்த உச்ச வைத்தியம்! ஸ்டாட்டின் இல்லை. குளோபிடோகிரல் இல்லை. சிலோஸ்டசால் இல்லை. 1952-ல் மன்னர் போய்விட்டார். வயது 56!

அந்த மன்னர் காலத்து மதராஸ் கவர்னர் எர்ஸ்கின் பெயரில் இருந்ததுதான் நம் மதுரை எர்ஸ்கின் ஆஸ்பத்திரி. இன்றைக்கு அரசு ராஜாஜி மருத்துவமனை. பனகல் சாலையில் காலை நேரத்தில் போய்ப் பாருங்கள். உசிலம்பட்டியிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் முதல் பஸ் பிடித்து வந்தவர்கள் சீட்டோடு மருந்து கொடுக்கும் சன்னலில் வரிசை கட்டி நிற்பார்கள். பேரரசருக்குக் கிடைக்காத ஸ்டாட்டினும் குளோபிடோகிரலும் அந்தச் சன்னல் வழியாக அவர்கள் கைக்கு வருகின்றன. விலை 0 ரூபாய்!